மின்காரில் ஊட்டி: கிலோமீட்டரை மறந்து யூனிட்டை எண்ணுங்கள்

சமவெளியில் மின்காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்குக்கூட, மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாறில் முதல் ஏற்றம் தொடங்கியதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதுவரை 1 சதவீதச் சார்ஜில் மூன்று கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, இப்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 சதவீதத்தை விழுங்குகிறது. ஊட்டிக்கு இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது, பின் இருக்கையிலிருந்து யாரோ “போய்ச் சேருமா?” என்று கேட்கிறார்கள். இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் காரணம், மலைப்பயணத்தையும் கிலோமீட்டரிலேயே அளக்கும் பழக்கம்தான். ஏற வேண்டிய உயரத்துக்கு எத்தனை யூனிட் (கிலோவாட்-மணி) செலவாகும் என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டால், திரையில் எண்கள் சரிவது எதிர்பார்த்த செலவாகத் தோன்றுமே தவிர ஆபத்தாகத் தோன்றாது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குச் செல்லும் பயணத்தை மாதிரியாக வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ செல்பவர்கள் உயரத்தையும் தூரத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஏற்றத்துக்கு எத்தனை யூனிட்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும், ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. ஆக, குன்னூர் வழியாக 52 கிலோமீட்டர் தூரத்தில் வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறது. ஒரு பொருளை உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது பள்ளி இயற்பியல்தான்: எடை, புவியீர்ப்பு, உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைத்துவிடும்.

45 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸான் போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். காரின் எடை சுமார் 1,400 கிலோ. நான்கு பெரியவர்களும் பெட்டிகளும் சேர்ந்தால் 1,750 கிலோ ஆகிவிடும். அந்த எடையை 100 மீட்டர் உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 0.55 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1,900 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டும் பத்தரை யூனிட் போய்விடும். இதோடு சாலையில் சக்கரம் உருள்வதற்கும், காற்றைக் கிழிப்பதற்கும், ஏசிக்குமாகக் கிலோமீட்டருக்கு 0.09 யூனிட் வீதம் ஐந்து யூனிட் சேர்த்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தச் செலவு 15 முதல் 16 யூனிட். 45 யூனிட் பேட்டரியில் ஏறத்தாழ 35 சதவீதம். 30 யூனிட் பேட்டரி உள்ள காரில் இதே பயணம் பாதிக்கும் மேல் தின்றுவிடும். ஆளும் பெட்டியும் சேர்ந்து எடை 2,500 கிலோவைத் தொடும் பெரிய கார்களில் 100 மீட்டருக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் என்று கணக்கிட வேண்டும். ஆனால் அவற்றின் பேட்டரியும் பெரியது என்பதால் சதவீதத்தில் அதிக வித்தியாசம் தெரியாது.

இந்தக் கணக்கை உங்கள் காருக்கு ஒருமுறை போட்டு, ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றம் 1,800 மீட்டர் அளவில் வரும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டர் அளவில்தான் என்பதால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் அது எளிய பயணம். வளைவுகளின் எண்ணிக்கை ஓட்டுநருக்கு முக்கியம். பேட்டரி உயரத்தைத்தான் பார்க்கிறது. ஊரின் உயரத்தை மட்டும் பார்க்காமல் பாதையின் உச்சியையும் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் செல்லும் சாலை, குன்னூர் வழியைவிட 14 கிலோமீட்டர் அளவுக்கு நீளமானது என்பதோடு, தொட்டபெட்டா சந்திப்பில் ஊட்டி நகரத்தைவிட உயரமான இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. அந்த வழிக்கு 40 சதவீதம் என்று எடுத்து வைப்பது நல்லது.

திரையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் தெரியும் எண், கடந்த சில கிலோமீட்டர்களில் வண்டி எப்படிச் செலவழித்தது என்பதை வைத்துப் போடப்படும் ஊகம். முன்னால் மலை இருப்பது பெரும்பாலான கார்களின் கணிப்புக்குத் தெரியாது. அன்னூர்ச் சாலையில் நிதானமாக வந்த வண்டி மேட்டுப்பாளையத்தில் 180 கிலோமீட்டர் என்று காட்டும். ஏற்றத்தில் ஒரு மணி நேரம் போனதும் அதே எண் 70-க்குக் கீழே வந்து நிற்கும். மறுநாள் இறங்கும்போதோ அதே வண்டி நம்பவே முடியாத எண்களைக் காட்டிப் பெருமையடிக்கும். மூன்றுமே அந்தந்த நேரத்துக் கணக்குப்படி சரிதான், மூன்றாலுமே பயனில்லை. மலையில் நுழைந்ததும் அந்த எண்ணை மறைக்க வழியிருந்தால் மறைத்துவிட்டு, சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

சதவீதத்தையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் கூடும்; எந்த இடத்தில் எத்தனை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பார்க்க வேண்டும். மேலே சொன்ன காரில் குன்னூர் வரை 33 கிலோமீட்டருக்குப் பதினொன்றரை யூனிட், அதாவது 25 சதவீதம் ஆகும். அங்கிருந்து ஊட்டிக்கு 9 அல்லது 10 சதவீதம் போதும். மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதத்தோடு கிளம்பினால் குன்னூரில் 35, ஊட்டியில் 25 என்பது எதிர்பார்ப்பு. ஏற்றச் செலவில் முக்கால் பங்கு குன்னூருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டவருக்கு, குன்னூரில் 33 சதவீதத்தைப் பார்த்தாலும் பதற்றம் வராது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி உள்ள கார்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இவற்றில் சார்ஜ் குறைந்தாலும் மின்னழுத்தம் நெடுநேரம் அதிகம் மாறாமல் இருப்பதால், நடுவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் காரால் துல்லியமாக அறிய முடிவதில்லை. பல வாரங்களாக 80 வரை மட்டுமே ஏற்றி ஓட்டியிருந்தால் காட்டும் சதவீதத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி விழுந்திருக்கக்கூடும். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை வீட்டுச் சார்ஜரில் 100 வரை முழுமையாக ஏற்றிவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

சேமிக்க வேண்டிய இடம் சமவெளி

மலைப்பாதையில் மெதுவாக ஓட்டினால் சார்ஜ் மிஞ்சும் என்று பலர் நம்பி, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, பின்னால் வரும் அத்தனை வண்டிகளின் சாபத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அது வீண் வேலை. ஏற்றத்தில் செலவாகும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கே போகிறது. நீங்கள் எந்த வேகத்தில் ஏறினாலும் உயரம் மாறப்போவதில்லை. மலைச்சாலையின் வேகத்தில் காற்றின் தடையும் அற்பமானது. ஏற்றத்தில் ஓட்டுநர் செய்யக்கூடிய சேமிப்பு ஒன்றுதான்: வளைவு வரை விரட்டிச் சென்று, வளைவில் பிரேக்கை மிதித்து, மீண்டும் விரட்டும் பழக்கத்தை விட்டுவிட்டுச் சீராக ஓட்டுவது.

நிஜமான சேமிப்பு நான்குவழிச் சாலையில் இருக்கிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிப்பெருக்கமாகக் கூடுவதால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனால் அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. சேலத்திலிருந்து பெருந்துறை, அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். இதை 80 முதல் 85 வேகத்தில் ஓட்டினால் 23 அல்லது 24 யூனிட் ஆகும். 100-ஐத் தாண்டி ஓட்டினால் 28 அல்லது 29 ஆகும். இடையிலுள்ள 5 யூனிட், மலையில் 900 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். உயரத்தில் சொன்னால் குன்னூருக்குப் பாதிக்கும் மேல். நேரத்தில் பார்த்தால் அரை மணி நேரம்கூட இழப்பில்லை. அந்த 5 யூனிட்டை ஏற்ற வேகச் சார்ஜரில் நிற்கும் நேரத்தையும், முன்னால் வேறொரு கார் நின்றால் காத்திருக்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் இழப்பு இன்னும் சுருங்கிவிடும்.

டயர்களில் காற்றை, வண்டி குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையில் முழுப் பாரத்துக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். கூரையில் பெட்டி கட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள்; மலையில் அதன் எடை மட்டும்தான் சுமை, நெடுஞ்சாலையில் காற்றுத்தடையும் சேர்ந்துகொள்ளும்.

முடிவெடுக்க வேண்டிய ஊர் மேட்டுப்பாளையம்

இந்தப் பயணத்தில் யோசிக்க வேண்டிய இடம் மலையடிவாரம்தான். அங்கே போதுமான சார்ஜோடு இருந்தால் மேலே யோசிக்க எதுவும் இல்லை. ஊட்டியில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் மனத்தைரியத்துக்கான இருப்பு அன்று. 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் பல கார்கள் மோட்டாரின் சக்தியைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். சமவெளியில் அது தொந்தரவு, செங்குத்தான வளைவில் அது ஆபத்து. ஆகவே 35 சதவீதச் செலவு, 20 சதவீத இருப்பு, மழைக்கும் மாற்றுப்பாதைக்கும் 10 சதவீதம் என்று 65 சதவீதத்தோடு கல்லாறைத் தொடுவது நிம்மதியான கணக்கு.

மாற்றுப்பாதையைச் சும்மா சொல்லவில்லை. கோடைச் சீசனில் குன்னூர் வழியை ஏறுவதற்கும் கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் ஒருவழிப்பாதையாக மாற்றுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பரில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ வண்டிகள் அனைத்தையும் கோத்தகிரிக்குத் திருப்பி விடுவார்கள். போகும் வழி உங்கள் கையில் இல்லாத நாள்கள் உண்டு என்பதால், இரண்டில் நீளமான வழிக்கே சார்ஜ் வைத்துக்கொள்வது முறை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. அதை முன்பே எடுத்துவிட்டால் சோதனைச்சாவடியில் நிற்கும் நேரம் குறையும்.

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அவினாசிச் சாலையிலோ வேகச் சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது, சார்ஜரின் திறனைவிட அது உயிரோடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. செயலியில் பச்சைப் புள்ளி இருப்பதை நம்பிவிடாதீர்கள். பிளக்‌ஷேர் போன்ற செயலிகளில், கடைசியாக ஒருவர் அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஏற்றிய தேதியைப் பாருங்கள். அது நேற்றோ அதற்கு முந்தைய நாளோ என்றால் நம்பலாம், இரண்டு மாதம் பழையது என்றால் அந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஒரே ஒரு கன் (காரில் செருகும் முனை) உள்ள இடத்தைவிட இரண்டு, மூன்று கன்கள் உள்ள இடம் மேல். உணவகத்திலோ விடுதியிலோ சார்ஜர் இருந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, அது ஓடுகிறதா, முன்னால் வேறு வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம் என்பது எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். இருந்தாலும் வேண்டிய செயலிகளை வீட்டிலேயே நிறுவி, எண்ணைப் பதிவுசெய்து, பணம் போட்டு வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. சிக்னல் கிடைக்காத வளைவில் நின்றுகொண்டு ஓடிபிக்காகக் காத்திருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. தட்டினால் ஓடும் அட்டை தரும் நிறுவனமாக இருந்தால் அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சதவீதம் வரை ஏற்றுவது என்பதில் இடத்துக்கு ஏற்ற நியாயம் உண்டு. டிசி வேகச் சார்ஜரில் 80-ஐத் தாண்டியதும் வேகம் குறைந்துவிடும்; கடைசி 20 சதவீதத்துக்குப் பிடிக்கும் நேரம், அதற்கு முந்தைய 40 சதவீதத்துக்கு ஆன நேரத்தை நெருங்கிவிடலாம். மலைக்கு 65 போதும் என்னும்போது அங்கே நிற்பது வீண். பின்னால் காத்திருப்பவருக்கும் அது அநியாயம். முந்தைய இரவு கோவையில் தங்கி, விடுதியின் மெதுவான சார்ஜரில் போட்டு வைத்தால், 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதில் எந்தத் தவறும் இல்லை. அடுத்து வருவது ஏற்றம் மட்டுமே என்பதால் அந்த முழுச் சார்ஜும் பயன்படும்.

ஏறும்போது

விடியற்காலையில் ஏறுங்கள். சாலை காலியாக இருக்கும். பேட்டரியும் நண்பகல் வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி, வேகச் சார்ஜும் ஏறி, சூடாகக் கொதிக்கும் நிலையில் இருக்காது. ஆனால் நெரிசலில் மாட்டிக்கொண்டால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நிற்கும் மின்காரில் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. ஏசியும் விளக்கும் திரையும் சேர்ந்து மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் எடுக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள பர்லியாறில் மூன்று மணி நேரம் நின்றாலும் 6, 7 சதவீதத்துக்கு மேல் போகாது. உயரம் கூடக் கூட வெளிக்காற்றே குளிர்ந்துவிடும் என்பதால் பாதி வழியில் ஏசியையும் அணைத்துவிடலாம். கண்ணாடியில் பனி படர்ந்தால் மட்டும் அதைத் துடைக்கப் போட்டால் போதும்.

ஏற்றத்தில் இருக்கும்வரை பின்வாங்குவதற்குச் சார்ஜ் தேவையில்லை என்பது மலைப்பயணத்தில் பலருக்குத் தோன்றாத ஒரு நிம்மதி. குன்னூருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பாகக் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தாலும், இடம் பார்த்து வண்டியைத் திருப்பினால் மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ அதே சார்ஜோடு, ஒருவேளை சற்றுக் கூடுதலாகவே, போய்ச் சேரலாம். ஆகவே பேட்டரி 12 சதவீதம் ஆன பிறகு திகைத்து நிற்பதைவிட, எந்த இடத்தில் எத்தனைக்குக் கீழே இருந்தால் திரும்புவது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நம் மாதிரிக் காருக்குக் குன்னூரில் 30 சதவீதம் அந்த எல்லை. அதற்குக் கீழே இருந்தால் குன்னூரிலேயே ஒரு சார்ஜரைத் தேடுங்கள், அல்லது தேநீர் குடித்துவிட்டு 15 ஆம்ப் பிளக் உள்ள விடுதியில் இரவைக் கழியுங்கள்.

சில சதவீதம்தான் குறைகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. மூன்று பேரையும் பெட்டிகளையும் அரசுப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஓட்டுநர் மட்டும் வந்தால் வண்டியின் எடை 280 கிலோ குறையும்; ஏற்றச் செலவில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். குடும்பத்தில் இதற்கு என்ன பெயர் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

மேலே தங்கும்போது

ஊட்டியில் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும் என்ற அவசரம் பெரும்பாலும் தேவையற்றது. இறங்கும் பயணத்துக்குச் செலவு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு 35 கிலோமீட்டர்தான். 30 சதவீதத்தோடு ஊட்டியில் இருப்பவர் எங்கும் ஏற்றாமல் கோவைக்கு இறங்கிவிடலாம். வார இறுதியில் வேகச் சார்ஜரில் வரிசையில் நின்று விடுமுறையின் பாதி நாளைத் தொலைப்பதைவிட, அறையோடு 15 ஆம்ப் பிளக் தரும் விடுதியைப் பார்த்து எடுத்தால் இரவில் பத்து மணி நேரத்தில் 25 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும்.

ஆனால் அந்தப் பிளக்கைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய பங்களாக்களிலும் தோட்ட விடுதிகளிலும் எர்த் சரியாக இருப்பதில்லை. அப்படியிருந்தால் காரோடு வந்த சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஏற்ற மறுத்துவிடும். அதை ஏமாற்றி ஏற்ற வைக்கும் குறுக்குவழிகளை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், எர்த் இல்லாத இணைப்பில் மழையில் நனைந்த காரைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. கீசருக்குப் போட்டிருக்கும் பிளக் பெரும்பாலும் தனி வயரில் வருவதால் அது கிடைத்தால் நல்லது. நீட்டிப்பு வயர் தவிர்க்க முடியாததாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி உள்ளதாக, 15 ஆம்ப் முனையோடு, சுருளை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். சுருட்டி வைத்தால் உள்ளே வெப்பம் சேர்ந்து உருகும். சார்ஜ் போட்ட இருபது நிமிடம் கழித்துத் திரும்ப வந்து பிளக்கின் மேற்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, காரின் அமைப்பில் ஆம்பைக் குறைத்து வேறொரு பிளக்கில் போடுங்கள்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். குளிர்ந்த பேட்டரியில் காலையில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்து தெரியலாம். வேகச் சார்ஜும் மந்தமாக ஏறும். முடிந்தால் வண்டி ஓடிவந்து நின்றதும், பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடுங்கள். காருக்குள் ஹீட்டர், ஏசியைவிடப் பல மடங்கு தின்னும்; ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது சிக்கனம்.

இறங்கும்போது

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். ஏறும்போது செலவழித்த பத்தரை யூனிட்டும் திரும்பிவிடும் என்று எண்ணக் கூடாது. சக்கரம் உருளத் தேவையான ஆற்றலும் அதிலிருந்தே போக வேண்டும், மாற்றத்தில் வீணாவதும் உண்டு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் 5 முதல் 7 சதவீதம் கூடியிருந்தால் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். கணக்குப் போடும்போது அதைப் பூஜ்ஜியமாகவே வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்தால் லாபம்.

இங்கேதான் முழுச் சார்ஜ் எதிரியாகிறது. 100 சதவீதம் ஏறிய பேட்டரியில் புதிதாக வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லாததால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகவும் பலவீனமாக இருக்கும். குளிர்ந்த காலையில் நிலைமை இன்னும் மோசம். பெட்ரோல் வண்டிக்காரருக்கு இரண்டாவது கியரில் இறங்கும் வசதி உண்டு. அந்த அறிவிப்புப் பலகைகளை வழியெங்கும் பார்க்கலாம். மின்காரில் அந்த வேலையைச் செய்வது ரீஜென் மட்டுமே. அதுவும் இல்லையென்றால் 1,900 மீட்டர் இறக்கத்தையும் பிரேக் கட்டைகளே தாங்க வேண்டும். அவை சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே விடுதியில் இரவு சார்ஜ் போடும்போது 80 அல்லது 85-இல் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். ரீஜென்னை உச்ச நிலையில் வைத்து, திரையில் மின்சாரம் பேட்டரிக்குள் போவதைக் காட்டும் அம்புக்குறியை முதல் வளைவிலேயே உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையின் மரபு. உங்களுக்கு நின்று கிளம்புவதில் எந்த நஷ்டமும் இல்லை.

இறக்கத்துக்குச் சார்ஜ் தேவையில்லை என்றாலும் 25 சதவீதத்துக்குக் குறைவாக ஊட்டியை விட்டுக் கிளம்பாதீர்கள். பாதி வழியில் சாலை அடைக்கப்பட்டால் வந்த உயரத்தை மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

முதுமலைப் பக்கம் போவதானால்

ஊட்டியில் தங்கிக்கொண்டு கூடலூர், முதுமலை பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்பதால், கிளம்பும் வேளையில் சதவீதம் குறையாமல் இருப்பது ஏமாற்றும். கூடலூர் சுமார் 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடுவட்டம் வழியாக 50 கிலோமீட்டர் ஏறி ஊட்டிக்குத் திரும்ப 11 யூனிட், அதாவது 25 சதவீதம் வேண்டும். முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காடு வரை போனால் இன்னும் கொஞ்சம் கூடும். எனவே திரும்பும் இடத்தில் 45 முதல் 50 சதவீதம் கையில் இருக்க வேண்டும்.

இதே வழியில் பந்திப்பூரைக் கடந்து மைசூருக்குப் போகிறவர்களுக்குப் பேட்டரியைவிடக் கடிகாரம் முக்கியம். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச்சாலையில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. உள்ளே நின்று சார்ஜ் போட இடமும் இல்லை, நிற்க அனுமதியும் இல்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூர் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். பெரும்பகுதி இறக்கமும் சமதளமும் என்பதால் 60 சதவீதத்தோடு மாலை 5 மணிக்குள் கூடலூரைத் தாண்டுபவருக்கு வழியில் எங்கும் நிற்க வேண்டியிருக்காது.

கோவை வழியாகச் சென்னை திரும்புபவர்கள் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: சேலம், கிருஷ்ணகிரி வழியாக வந்தால் தொப்பூரில் ஒரு ஏற்றம் இருக்கிறது. நீலகிரியைப் பார்த்தவருக்கு அது ஒன்றுமேயில்லை, இரண்டு மூன்று சதவீதத்தில் முடிந்துவிடும். ஆனாலும் சேலத்தில் 25 சதவீதத்தோடு கிளம்பித் தருமபுரியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அந்தக் கணவாயைச் சேர்த்துக் கணக்கிட்டால், சேலத்திலேயே பத்து நிமிடம் நின்று ஏற்றிக்கொள்வார்கள்.